சென்னை மேற்குப் புறநகரின் தோல் பூட்ஸும் ஆடவர் உடையும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி ஏற்றுமதிச் சட்டைக்கும் படைவீரர் சீருடைக்கும் பெயர் பெற்றது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரம் சென்னைத் துறைமுகத்தை எட்டும் வழியும் இதுவே. இங்கே தைக்கப்படும் சட்டைகளும் இவ்வழியே கப்பலேறும் ஷூக்களும் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் பெயரைத் தாங்கியே கடைக்குப் போகின்றன. தயாரித்த ஊரின் பெயர் பெட்டியின் மேல் இருப்பதில்லை. நல்ல பூட்ஸையும் நல்ல சட்டையையும் தேடி வாங்கி, பேணி, பல ஆண்டு அணிவதை ஒரு ரசனையாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் போற்றும் வேலைப்பாட்டில் கணிசமான பங்கு தங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் நடக்கிறது என்பது அவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

வழியும் வரலாறும்

தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை, வழியில் எதிர்ப்படும் வணிகர்களைக் காலை மூடும் காலணியும் சட்டையும் அணிந்தவர்களாகக் காட்டுகிறது. தொண்டை நாட்டுச் சாலைகளில் காலணியும் தைத்த உடையும் சேர்ந்து நடமாடியதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆவடி வழியாகச் சென்ற அந்தப் பாதை சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடியைத் தாண்டி நீண்டது. பாலாற்றங்கரைத் தோல், நகரத்தின் பெரியமேடு மண்டிகளுக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் போனது இந்தத் தடத்தில்தான். இன்று அந்தப் பணியைச் சாலை ஏற்றிருக்கிறது. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியே ராணிப்பேட்டைக்கும் வேலூருக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஷூப் பெட்டிகளோடு கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் கிளார்க்ஸ், ஃபுளோர்ஷைம் போன்ற பெயர்களுக்குக் காலணி செய்யப்படுகிறது.

கிளார்க்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற டெஸர்ட் பூட்ஸின் கதையே படை முகாமில் தொடங்கியது. நேதன் கிளார்க் 1941இல் பிரிட்டிஷ் படையோடு பர்மாவில் இருந்தபோது, கெய்ரோ கடைத்தெருவில் செய்வித்த ஸ்வேட் பூட்ஸைச் சில அதிகாரிகள் அணிந்திருப்பதைக் கண்டார். கிரேப் ரப்பர் அடி, கணுக்கால் உயரம், இரண்டே ஜோடி கண்ணிகள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1950இல் அது விற்பனைக்கு வந்தது. ஆடவர் காலணியில் இத்தனை எளிமையும் இத்தனை ஆயுளும் சேர்ந்த வடிவங்கள் மிகச் சில.

ஆவடி: சீருடை

ஆவடியின் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. டாங்கிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அதன் பிறகே அவ்வூருக்கு வந்தது. ராணுவத்துக்கான சீருடைகளும் கூடாரங்களும் இங்கே தைக்கப்பட்டன. 2020 கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளருக்கான முழுக்கவச உடைகளும் தைக்கப்பட்டன. படைத்தளவாடத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, 2021 அக்டோபர் 1 முதல் இந்த ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் நிறுவனத்தின்கீழ் வந்தது. ராணுவ பூட்ஸ் ஆவடியில் உருவாவதில்லை. அது அதே நிறுவனத்தின் கான்பூர் ஆலையின் வேலை. ஆவடி சட்டை, கான்பூர் பூட்ஸ் என்று ஒரு வீரனின் உடையை இரண்டு ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

ராணுவம் 2022 ஜனவரி 15 படைதின அணிவகுப்பில் அறிமுகப்படுத்திய புதிய போர்ச்சீருடையை உடை ரசிகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த அந்த உடையின் துணி 70 பங்கு பருத்தியும் 30 பங்கு பாலியஸ்டரும் கலந்தது. மேல்சட்டையைக் காற்சட்டைக்குள் செருகுவதில்லை. உள்ளே டிஷர்ட், மேலே தளர்வான ஜாக்கெட் என்ற அமைப்பு. வெப்ப நாட்டில் வியர்வை உலரவும் கை தாராளமாக அசையவும் என்ன தேவை என்று யோசித்துச் செய்த உடை இது. ஆடவர் உடையின் பெரும்பாலான நல்ல வடிவங்கள், டிரெஞ்ச் கோட்டிலிருந்து கார்கோ பேன்ட் வரை, இப்படித்தான் தேவையின் நெருக்கடியில் பிறந்தன.

அம்பத்தூர்: சட்டை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. சைக்கிள், வாகன உதிரிபாகம், வார்ப்பட வேலைகளுக்கு நடுவே ஏற்றுமதி ஆடை ஆலைகளும் வளர்ந்தன. அவற்றுள் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அம்பத்தூர் குளோதிங் மேற்கத்திய நிறுவனங்களுக்கு ஆடவர் சட்டை தைத்துப் பேர் வாங்கியது. சென்னையின் இன்னொரு ஏற்றுமதி நிறுவனமான செலிபிரிட்டி ஃபேஷன்ஸ் 2000இல் இந்தியன் டெரெய்ன் என்ற சொந்தப் பெயரில் உள்நாட்டுச் சந்தைக்கு வந்தது. பிறர் பெயருக்குத் தைத்த கைகள் தம் பெயருக்கும் தைக்கத் தொடங்கியது இந்தத் தொழிலில் முக்கியமான திருப்பம்.

இந்த ஆலைகளின் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனிலும் மின்சார ரயிலிலும் வருபவர்கள் பலர். ஒருவர் காலர் மட்டும் தைப்பார், ஒருவர் கஃப், ஒருவர் பாக்கெட். ஒரு முழுக்கைச் சட்டை பல கைகள் மாறி உருவாக மொத்தம் ஏறத்தாழ 20 நிமிடத் தையல் உழைப்பு பிடிக்கும். அந்த 20 நிமிடம் எப்படிச் செலவாகிறது என்பதில்தான் சட்டையின் தரம் இருக்கிறது.

கையில் ஒரு சட்டையை எடுத்து உட்புறமாகத் திருப்பினால் முதலில் பார்க்க வேண்டியது பக்கத் தையல். மலிவான சட்டையில் ஓவர்லாக் அடித்த விளிம்பு நூல் சடையாகத் தெரியும். நல்ல சட்டையில் இரண்டு துணி விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, பிசிறு வெளியே வராமல் அடங்கியிருக்கும். அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை குழாய்போல் வரும் துணியில் இந்த மடிப்புத் தையலைப் போடுவதற்கென்றே கை நீண்ட தனி மெஷின் உண்டு; இரட்டை ஊசியால் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். இன்னும் உயர்ந்த சட்டையில் அதையே ஒற்றை ஊசியால் இரண்டு முறை ஓட்டுவார்கள். நேரம் கூடும், ஆனால் பல சலவைக்குப் பிறகும் தையலோரம் சுருங்காது. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவதும் பயனுள்ள பழக்கம். 18க்கு மேல் இருந்தால் தைத்தவர் அவசரப்படவில்லை என்று பொருள். 10, 12 என்றால் அவசரப்படுத்தப்பட்டிருக்கிறார்.

அடுத்து பொத்தான். சங்கிலித் தையலில் போட்ட பொத்தான் ஒரு நூல்முனை அவிழ்ந்தால் முழுதும் கழன்று விழும். பூட்டுத் தையலில் போட்டது அப்படி அவிழாது. காலரின் உள்ளே ஒட்டும் ஃபியூசிங் தரமற்றதாக இருந்தால் சில சலவையிலேயே காலரில் குமிழ்கள் எழும். கட்டம்போட்ட துணியானால் பாக்கெட்டின் கோடுகள் முன்பாகத்தின் கோடுகளோடு சேர்கின்றனவா என்று பார்த்தால் போதும், வெட்டும் மேஜையில் துணியை மிச்சம் பிடித்தார்களா என்பது தெரிந்துவிடும்.

கட்டத் துணி என்றதும் மெட்ராஸ் செக்ஸைச் சொல்லாமல் நகர முடியாது. சென்னையின் பெயரை ஆடவர் உடையில் உலகறியச் செய்தது அந்தக் கைத்தறித் துணிதான். அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விற்ற மெட்ராஸ் சட்டைகள் சலவையில் சாயம் போயின. பின்னர் அந்தச் சாயம் போகும் தன்மையையே விளம்பரத்தில் சொல்லி விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய சாயலைத் தரும் துணி, இன்றும் பழையதாகப் பழையதாக விரும்பப்படும் உடைகளின் வரிசையில் டெனிமுக்கு இணையாக நிற்கிறது.

பூட்ஸின் அமைப்பு

பூட்ஸின் மதிப்பு மேல்தோலின் பளபளப்பில் இல்லை; மேல்பாகமும் அடியும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. இணைப்பு முறைகளில் நான்கு முக்கியமானவை.

இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது பசையால் ஒட்டியது. அடி தேய்ந்தாலோ பசை விட்டாலோ பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். அடியை அச்சில் உருக்கி நேரடியாக மேல்தோலில் வார்க்கும் முறை இந்திய ராணுவத்தின் டிஎம்எஸ் பூட்ஸால் நமக்கு நன்கு பழக்கமானது. தண்ணீர் புகாது, உறுதியானது, வேகமாகச் செய்யலாம். ஆனால் மறு அடி போடுவது கடினம். பிளேக் தையலில் உள்ளடியையும் வெளியடியையும் ஒரே தையல் ஊடுருவிக் கட்டும். லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற மெஷினிலிருந்து வந்த முறை இது. காலணி மெலிதாக, வளைந்து கொடுப்பதாக அமையும். உள்ளே கையை விட்டுத் தடவினால் பாதம் படும் இடத்திலேயே தையல் தட்டுப்படும்.

நான்காவது குட்இயர் வெல்ட். பூட்ஸ் ரசிகர்கள் எங்கு கூடினாலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கும், காரணத்தோடுதான். ரப்பரை வல்கனைஸ் செய்து 1844இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்ட இளைய குட்இயர், கையால் செய்துவந்த வெல்ட் தையலை மெஷினுக்குக் கொண்டுவந்தார். மேல்தோலை லாஸ்ட் எனும் பாத வடிவ அச்சின்மேல் இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும் கைக்கே விடப்பட்டிருந்தது. சூரினாமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தொழிலாளி யான் மாட்செலிகர் 1883இல் அதற்கும் மெஷின் கண்டு காப்புரிமை பெற்றார். நல்ல ஷூ சாமானியனுக்கு எட்டியதில் அவருடைய பங்கு குட்இயருடையதற்குக் குறைந்ததல்ல. அவர் பெயர் போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

வெல்ட் பூட்ஸை நறுக்கிப் பார்த்தால் மேலிருந்து கீழாக இப்படி இருக்கும். பாதம் படும் தோல் உள்ளடி. அதன் அடிப்புறத்தில் ஓரத்தை ஒட்டி ஒரு வரம்பு. மேல்தோலும் உள்துணியும் அந்த வரம்பின்மேல் இழுக்கப்பட்டிருக்கும். அதன் வெளியே பூட்ஸைச் சுற்றி ஓடும் ஒரு தோல் நாடா, அதுதான் வெல்ட். வளைந்த ஊசி ஒன்று வெல்ட், மேல்தோல், வரம்பு மூன்றையும் பக்கவாட்டில் தைத்துவிடும். வரம்புக்கு உள்ளே விழும் பள்ளத்தைக் கார்க் கூழால் நிரப்புவார்கள். வெளியடி கார்க்குக்குக் கீழே அமர்ந்து, வெல்ட்டோடு மட்டும் இன்னொரு தையலால் கட்டப்படும். இரண்டு தையல்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே இதன் சூட்சுமம். அடி தேய்ந்தால் கீழ்த்தையலைப் பிரித்துப் புது அடி போடலாம். மேல்தோலில் ஊசி படாது. நாளாவட்டத்தில் கார்க் அமுங்கி அணிபவரின் பாதத்தின் பதிவை ஏற்கும். புதிதில் விறைப்பாக இருந்த பூட்ஸ் ஓர் ஆண்டுக்குப் பின் கழற்ற மனம் வராததாகிவிடுவது இதனால்தான்.

மெஷின் வேலையில் வரம்பு பெரும்பாலும் பசையால் ஒட்டிய கித்தான் பட்டையாக இருக்கும். கைவெல்ட்டில் அதைத் தடித்த உள்ளடித் தோலிலேயே செதுக்கி எடுப்பார்கள். அது விடாது, பெயராது. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த வரம்பில் அடங்கியிருக்கிறது.

ஏமாற்று வேலையும் உண்டு. ஒட்டிய அடியின் விளிம்பில் அலங்காரத்துக்காகத் தைத்த நாடாவை ஓட்டி வெல்ட் போலக் காட்டுவார்கள். மேலே தெரியும் தையல் அடிப்புறத்திலும் வருகிறதா, அல்லது அங்கே அதை மறைக்கும் கீறல் கோடாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரம் இந்த வேலைக்குத் தலைநகராகக் கருதப்படுகிறது. 1829இல் தொடங்கிய ட்ரிக்கர்ஸ், 1879இன் கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் அவ்வூர்க்காரர்கள். 1880இன் லோக் அருகிலுள்ள கெட்டரிங்கைச் சேர்ந்தது. அந்த லோக்கின் எல்1 வரிசை இந்தியாவில் செய்யப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த பிரிட்லன், குட்இயர் வெல்ட் காலணிகளைத் தன் சொந்தப் பெயரிலேயே செய்து விற்கிறது. ஐரோப்பிய ஆலைகளின் தோலை வரவழைத்துச் சென்னையில் தைக்கும் அந்த வேலைப்பாட்டை வெளிநாட்டு ரசிகர்களும் மதிக்கிறார்கள். பிறர் பெயருக்கு உழைத்த வட்டாரத்தில் இது பெருமைப்பட வேண்டிய செய்தி.

தோல்

பச்சைத்தோல் அழுகாமல் நிலைக்க இரண்டு பெரும் வழிகள். மரப்பட்டையில் பதனிடுவது பழையது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கங்களில் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோயின. அதற்கு இப்போது புவிசார் குறியீடு உண்டு. வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும் இந்தத் தோல் அணிய அணிய நிறம் ஆழும்.

மற்றது குரோம் உப்பில் பதனிடுவது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் 1903 அளவில் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே பெயர்பெற்றது. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. யெலவர்த்தி நாயுடம்மாவின் தலைமையில் அது உலகறிந்த நிறுவனமாயிற்று.

நல்ல மேல்தோலை அறியக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மெல்லிய, நெருக்கமான சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் அது மாட்டின் முதுகு, பிட்டப் பகுதித் தோல். தொளதொளவென்று பெரிய மடிப்பு விழுந்தால் வயிற்றுப் பகுதி. மேற்பரப்பைத் தேய்த்து பிளாஸ்டிக் பூச்சிட்ட தோல் மடங்குவதில்லை, நாளடைவில் வெடிக்கும்.

தோலைப் போற்றுபவர் இரண்டு உண்மைகளைத் தெரிந்திருக்க வேண்டும். தோலைத் தொட்ட கைகளைச் சாதியின் பெயரால் தள்ளி வைத்த சமூகம் இது. சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் பதனிட்டவர்களின் திறமைக்கு உரிய மரியாதை இன்னும் தரப்படவில்லை. இரண்டாவது பாலாறு. சுத்திகரிக்காத தோல் கழிவால் அந்த ஆற்றுப்படுகையின் நிலமும் கிணறுகளும் பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

வெயிலிலும் மழையிலும்

சென்னைத் தட்பவெப்பத்துக்கு உள்துணி இல்லாத, கணுக்கால் உயரமே உள்ள சக்கா வகை பூட்ஸ் ஏற்றது. வியர்வை நனைத்த உள்ளடி உலர ஒரு நாளாவது வேண்டும் என்பதால் ஒரே ஜோடியைத் தினமும் போடக் கூடாது. நனைந்த பூட்ஸை வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாள் திணித்து ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிய அலமாரியில் பூஞ்சை பூக்கும். குரோம் தோலைவிடப் பட்டைத்தோலில் அது எளிதாகப் பற்றும். தேங்காய் எண்ணெய் தடவும் வீட்டு வழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. தோல் கறுத்து, அளவு மீறினால் தொய்ந்துபோகும்.

அம்பத்தூர் ஆலைத் தொழிலாளர் அணியும் பாதுகாப்பு ஷூக்களில் பல பாலியூரித்தேன் அடி கொண்டவை. காற்றின் ஈரமும் வெப்பமும் அந்தப் பொருளை மெல்லச் சிதைக்கின்றன. புத்தம்புது ஜோடியைப் பெட்டியிலேயே சில ஆண்டு வைத்திருந்து எடுத்தால், பத்தடி நடப்பதற்குள் அடி ரொட்டித்தூளாக உதிர்ந்துவிடும். கடற்கரை நகரத்தில் ரப்பர் அடியோ தோல் அடியோதான் நீடிக்கும். மழைக்காலத்துக்கு, ஆல்ப்ஸ் மலையேறி வித்தாலே பிரமானி 1937இல் உருவாக்கிய விப்ரம் வகைப் பல்லடி ரப்பருக்கு ஈடில்லை.

கால் அளவு

இந்தியக் கடைகளில் இன்றும் ஆங்கிலேயர் கொண்டுவந்த அளவுமுறையே வழங்குகிறது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. சிறுவயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவருக்கு ஒடுக்கமான லாஸ்டில் செய்த பூட்ஸ் சுண்டுவிரலை நசுக்கும். அகலம் போதாமல் ஓர் அளவு பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது குதிகால் ஆடும், வளைய வேண்டிய இடம் தப்பி மடிப்பு விரல்மேல் விழும். நல்ல தோலும் நல்ல வெல்ட்டும் இந்த ஒரு பிழையால் வீணாகின்றன.

அந்த ஆய்வின் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் எட்டு அளவுகள் கொண்ட புதிய இந்திய முறை முன்மொழியப்பட்டு 2024இல் பரவலாகப் பேசப்பட்டது. அது நடைமுறைக்கு வருமுன் வாங்குபவர் செய்யக்கூடியது, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், நின்றபடி நீளத்தையும் விரலடி அகலத்தையும் அளந்து, அகல வகை கேட்பது. அகல வகையை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் குறைவு. ஏற்றுமதிக்கு எத்தனையோ நாட்டவர் கால்களுக்கு லாஸ்ட் வைத்திருக்கும் வட்டாரம், தன் ஊர்க்காலுக்கென்று அகலமான லாஸ்ட்களைப் பெருக்குவது அடுத்து நடக்க வேண்டிய வேலை.